தயாராக இல்லை என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? 'அன்பிரிப்பேர்டு' என்ற சொல்லும் அதன் உறவுகளும்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மாலை, எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன் போன் செய்தான். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. குரலில் நடுக்கம். "அக்கா, ஒரே ஒரு வரிதான் மெயில் போட்டேன். மேனேஜர் கோபமாகிட்டார். என்ன தப்பா எழுதினேன்னே தெரியல" என்றான். அந்த வரியை வாசித்துக் காட்டச் சொன்னேன்.

'ஐ ஆம் நாட் பிரிப்பேர்டு டு பிரசென்ட் டுமாரோ.'

அவன் சொல்ல நினைத்தது, நாளைக்குப் பேச வேண்டியதை இன்னும் தயார் செய்து முடிக்கவில்லை என்பது. மேனேஜருக்குக் கேட்டது, நாளைக்கு நான் பேச மாட்டேன் என்பது. அந்த வரியில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. எழுத்துப் பிழையும் இல்லை. அதனால்தான் அவனுக்குத் தவறு எங்கே என்று பிடிபடவில்லை.

'ரெடி', 'பிரிப்பேர்' இரண்டையும் நாம் தமிழ்ச் சொல் போலவே பேசிக்கொண்டிருக்கிறோம். பரீட்சைக்குப் பிரிப்பேர் பண்ணுகிறோம், கல்யாணத்துக்கு ரெடியாகிறோம். ஆனால் அவற்றின் எதிர்ப்பக்கம், அதாவது தயாராக இல்லாத நிலையைச் சொல்லும் பக்கம், நமக்கு அவ்வளவு பழக்கமில்லை. அங்கேதான் 'அன்பிரிப்பேர்டு' என்ற பெயரடை இருக்கிறது.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால்

நடுவில் இருக்கும் 'பிரிப்பேர்' லத்தீனிலிருந்து வந்தது. 'ப்ரே' என்றால் முன்னால். 'பராரே' என்றால் ஆயத்தம் செய்வது. ப்ரீபெய்டு சிம்மில் இருக்கும் 'ப்ரீ'யும் இதே 'ப்ரே'தான். முன்கூட்டியே பணம் கட்டியது ப்ரீபெய்டு. முன்கூட்டியே ஆயத்தம் செய்வது பிரிப்பேர். தமிழில் 'முன்னேற்பாடு' என்கிறோமே, அந்தச் சொல்லும் ஏறக்குறைய இதே கட்டுமானம்தான். அதே 'பராரே'யிலிருந்து வந்த இன்னொரு சொல்லை நாம் தினமும் சொல்கிறோம்: ரிப்பேர். 'ரி' என்றால் மறுபடி. மறுபடி தயார் நிலைக்குக் கொண்டுவருவது ரிப்பேர். நம் ஊரில் மட்டும் அது திரும்பிக்கொண்டது. 'வண்டி ரிப்பேர்' என்றால் வண்டி கெட்டுப்போச்சு என்று அர்த்தம்.

முன்னால் ஒட்டியிருக்கும் 'அன்' இல்லாமையைச் சொல்வது. தமிழில் இல்லாமை பெரும்பாலும் சொல்லின் பின்பக்கம் வரும்: படிக்காத, தயாரில்லாத, அறிவற்ற. ஆங்கிலத்தில் முன்பக்கம் வருகிறது. அனாவசியம், அனாதி போன்ற சொற்களில் சமஸ்கிருதத்திலிருந்து நமக்கு வந்த 'அன்' இருக்கிறதல்லவா, அதுவும் ஆங்கில 'அன்'னும் ஒரே மூதாதையின் பிள்ளைகள். அதனால் இந்த முன்னொட்டு நம் காதுக்கு முற்றிலும் புதிதல்ல.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆங்கில 'அன்' இரண்டு விதமாக வேலை செய்யும். 'அன்ஹேப்பி' என்றால் மகிழ்ச்சி இல்லாத. ஆனால் 'அன்டை' என்றால் கட்டாமல் இருப்பது அல்ல, கட்டியதை அவிழ்ப்பது. 'அன்பேக்' என்றால் கட்டிய பெட்டியைப் பிரிப்பது. 'அன்பிரிப்பேர்டு' முதல் வகையைச் சேர்ந்தது. தயார் செய்ததைக் கலைத்துவிட்டார்கள் என்ற பொருள் அதற்கு வரவே வராது. ஆயத்தம் நடக்கவில்லை, அல்லது நடந்தது போதவில்லை என்ற பொருள் மட்டும்தான்.

உச்சரிப்பில் அழுத்தம் 'பேர்' மேல் விழும். கடைசியில் வருவது ஒரு சின்ன 'ட்' ஒலி மட்டுமே. எழுத்தைப் பார்த்து 'அன்பிரிப்பேரெட்' என்று நாலு அசையாக நீட்டிச் சொல்பவர்கள் உண்டு, மூன்று அசைதான்.

எதற்குத் தயாராக இல்லை?

இந்தச் சொல்லைப் பழகத் தொடங்குபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். 'அன்பிரிப்பேர்டு' தனியாக வந்தால் கேட்பவர் மனதில் ஒரு கேள்வி எழும்: எதற்கு? அந்த 'எதற்கு'வைச் சேர்க்க 'ஃபார்' போட வேண்டும். 'ஐ வாஸ் அன்பிரிப்பேர்டு ஃபார் த இன்டர்வியூ.' இன்டர்வியூவுக்கு நான் தயாராக இல்லை. 'த டவுன் வாஸ் அன்பிரிப்பேர்டு ஃபார் த ஃப்ளட்.' வெள்ளத்தைச் சமாளிக்க ஊரில் ஏற்பாடு இல்லை.

'சோம்பேறி', 'பொறுப்பில்லாதவன்' போன்ற சொற்கள் ஆளின் குணத்தைச் சொல்பவை. 'அன்பிரிப்பேர்டு' அப்படி இல்லை. ஒரு ஆளுக்கும், அவர் முன்னால் வந்து நிற்கும் ஒன்றுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை அது சொல்கிறது. விடிய விடியப் படித்துவிட்டுப் போனவரும் அன்பிரிப்பேர்டாக இருக்கலாம். கேள்வி வேறு பாடத்திலிருந்து வந்திருக்கும். ஒரு பக்கமும் புரட்டாமல் போனவர் அப்படி இல்லாமலும் இருக்கலாம். அவருக்கு அது ஏற்கெனவே கைவந்த விஷயமாக இருக்கும். ஆகவே 'நான் படிக்கவில்லை' என்பதும் 'ஐ வாஸ் அன்பிரிப்பேர்டு' என்பதும் ஒன்றல்ல. முன்னது நான் செய்யாமல் விட்டது. பின்னது அந்த நேரத்தில் நான் இருந்த நிலை.

இன்னும் நுட்பமான இடம் ஒன்று இருக்கிறது. மனம் தயாராக இல்லை என்பதற்கும் இதே சொல்தான். நெருங்கிய ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இளைத்துவிட்டார் என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். பஸ்ஸில் வரும்போதே மனதைத் தேற்றிக்கொண்டுதான் வருகிறோம். ஆனாலும் கதவைத் திறந்து, அந்தக் கட்டிலில் போர்வைக்கடியில் அவர் இவ்வளவு சின்னதாகக் கிடப்பதைப் பார்த்ததும் கால் அப்படியே நின்றுவிடுகிறது. இதை ஆங்கிலத்தில் சொல்பவர் 'ஐ வாஸ் அன்பிரிப்பேர்டு ஃபார் ஹவ் ஸ்மால் ஹி லுக்ட்' என்பார். இதைத் தமிழில் 'எதிர்பார்க்கவில்லை' என்று போட்டால் பாதிதான் வந்து சேரும். எதிர்பார்த்ததுதானே அது. 'தெரிஞ்சதுதான், ஆனாலும் மனசு தாங்கல' என்று நம் வீடுகளில் சொல்வோமே, அது நெருங்கி வருகிறது. தெரிந்திருப்பது வேறு, தாங்கிக்கொள்ளத் தயாராக இருப்பது வேறு. அந்த இடைவெளிக்கும் இந்தச் சொல் இடம் தருகிறது. எனக்கு இந்தச் சொல் பிடித்துப்போனதே இதனால்தான்.

சரி, தம்பியின் மெயிலுக்கு வருவோம். 'பிரிப்பேர்டு ஃபார்' என்று வந்தால் ஆயத்தம். 'பிரிப்பேர்டு டு' என்று வந்து, பின்னால் ஒரு வினைச்சொல்லும் சேர்ந்தால், பெரும்பாலும் சம்மதம். 'ஐ ஆம் பிரிப்பேர்டு டு வெயிட்' என்றால் காத்திருக்க எனக்குச் சம்மதம். அதையே 'நாட் பிரிப்பேர்டு டு' என்று மறுத்தால் சம்மதம் இல்லை, அதாவது செய்ய மாட்டேன். அதிலும் அலுவலகக் கடிதங்களில் இது நல்ல கறாரான மறுப்பு. 'வி ஆர் நாட் பிரிப்பேர்டு டு அக்செப்ட் திஸ்' என்று ஒரு நிறுவனம் எழுதினால், யோசிக்க நேரம் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால் தமிழிலும் இதே இரட்டைப் பொருள் இருக்கிறது. 'இலை போட்டாச்சு, சாம்பார் இன்னும் தயாராகல' என்றால் ஆயத்தம். 'அவர் சமாதானம் பேசத் தயாராக இல்லை' என்றால் விருப்பமில்லை. இரண்டிலும் ஒரே 'தயார்'. தமிழில் நமக்குக் குழப்பம் வருவதில்லை. சூழலும் குரலும் காட்டிக்கொடுத்துவிடும். மெயிலில் குரல் கிடையாது. தமிழில் யோசித்து அப்படியே ஆங்கிலத்தில் இறக்கும்போது நமக்குள் இருந்த பொருள் ஒன்றாகவும், போய்ச் சேரும் பொருள் வேறாகவும் ஆகிவிடுகிறது.

அப்புறம், 'அன்பிரிப்பேர்டு டு' என்பதும் சில சமயம் இதே மறுப்புப் பொருளில் வரும். ஆகவே ஆயத்தம் ஆகவில்லை என்பதை மட்டும் சொல்ல வேண்டியிருந்தால் 'ஃபார்' போட்டு ஒரு பெயர்ச்சொல்லைச் சேர்த்துவிடுவது பத்திரமான வழி.

பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் இது வரும். 'அன்பிரிப்பேர்டு ஸ்பீச்' என்றால் முன்கூட்டி எழுதிவைக்காமல் எழுந்து நின்று பேசிய பேச்சு. இதில் குறை சொல்லும் தொனி இல்லை. சில மேடைகளில் அதுவே பாராட்டு. 'ஃபைன்ட்', 'கேட்ச்' போன்ற வினைகளோடும் இந்தச் சொல் அடிக்கடி சேரும். 'த க்வெஸ்சன் காட் மீ அன்பிரிப்பேர்டு' என்றால், நான் சுதாரிப்பதற்குள் கேள்வி வந்து விழுந்துவிட்டது.

'அன்ரெடி' என்ற அண்ணன்

'ரெடி'யிலிருந்து வந்த 'அன்ரெடி' இன்று அரிதாகத்தான் புழங்குகிறது. 'நாட் ரெடி' என்று பிரித்தே சொல்கிறார்கள். ஆனால் இதன் பழைய வரலாறு சுவையானது.

ஷேக்ஸ்பியரின் தொடக்க கால நாடகங்களில் ஒன்றான ஆறாம் ஹென்றியின் முதல் பாகத்தில், ஓர்லியான் நகரை ஆங்கிலேயர்கள் இரவில் தாக்கும் காட்சி வருகிறது. பிரெஞ்சு வீரர்கள் உள்சட்டையோடு மதிலிலிருந்து குதிக்கிறார்கள். பிரபுக்கள் பாதி உடுத்தியும் உடுத்தாமலும் ஓடிவருகிறார்கள். அவர்களில் ஒருவர் மற்றவர்களைப் பார்த்து, என்ன, எல்லாரும் 'அன்ரெடி'யாக இருக்கிறீர்களே என்று கேட்கிறார். உடை உடுத்தாமல் இருக்கிறீர்களே என்றுதான் அங்கே அர்த்தம். அந்தக் காலத்தில் 'ரெடி' என்றால் உடுத்தி முடித்தவர், 'அன்ரெடி' என்றால் உடுத்தாதவர் என்ற பொருளும் இருந்தது. (உண்மையான வரலாற்றில் ஓர்லியான் அப்படி விழவில்லை. 1429 மே மாதம் ஆங்கிலேயர்கள் முற்றுகையைக் கைவிட்டுப் போனார்கள்.)

இதைப் படித்தபோது எனக்கு நம் வீடுதான் நினைவுக்கு வந்தது. கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அப்பா வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு "இன்னும் ரெடியாகலையா?" என்று சத்தம் போடுவார். உள்ளே அம்மா புடவைக்கு மடிப்பு எடுத்துக்கொண்டிருப்பார். அவர் கேட்கும் 'ரெடி'யும் உடுத்தி முடிப்பதுதான். யாழ்ப்பாணத்தில் இதற்கு 'வெளிக்கிடுதல்' என்று அழகான சொல் இருக்கிறது. "வெளிக்கிட்டாச்சோ?" என்றால் உடுத்திப் புறப்படத் தயாராகிவிட்டாயா என்று கேட்பது. இலங்கைத் தமிழர் பேச்சில் 'ஆயத்தம்' என்ற சொல்லும் இன்றும் இயல்பாகப் புழங்குகிறது. தமிழ்நாட்டில் அந்த இடத்தைப் பாரசீக வழியில் வந்த 'தயார்' எடுத்துக்கொண்டது. இப்போது 'ரெடி' எடுத்துக்கொண்டிருக்கிறது.

'அன்ரெடி' என்ற சொல் இன்று பலருக்கும் தெரிந்திருப்பது ஒரு ராஜாவால்தான். இங்கிலாந்தை 978 முதல் 1016 வரை, நடுவில் சில மாதங்கள் நீங்கலாக, ஆண்ட இரண்டாம் எத்தல்ரெட். அண்ணன் கொலையுண்ட பிறகு சிறுவயதிலேயே அரியணைக்கு வந்தவர். கடல்வழியாக டேனியர்கள் திரும்பத் திரும்பப் படையெடுத்து வந்தார்கள். 991-இல் மால்டன் என்ற இடத்தில் நடந்த போரில் ஆங்கிலேயத் தளபதி மாண்டார். அதே வருடம் 10,000 பவுண்டு கொடுத்து டேனியர்களைத் திருப்பி அனுப்பினார்கள். பணம் கிடைக்கும் என்று தெரிந்த இடத்துக்கு யார்தான் திரும்பி வர மாட்டார்கள்? கொடுக்க வேண்டிய தொகை ஏறிக்கொண்டே போய், 1012-இல் 48,000 பவுண்டு ஆனது. 1013-இல் டென்மார்க் மன்னன் ஸ்வெயின் நாட்டையே பிடித்துக்கொள்ள, எத்தல்ரெட் நார்மண்டிக்கு ஓடினார். அடுத்த வருடம் ஸ்வெயின் இறந்ததும் திரும்பி வந்தார். 1016 ஏப்ரலில் லண்டனில் இறந்தார்.

ஆங்கிலத்தில் இவரை 'எத்தல்ரெட் த அன்ரெடி' என்பார்கள். கேட்டதும் போருக்குத் தயாராக இல்லாத ராஜா என்று தோன்றும், கதையும் பொருந்துகிறது. ஆனால் அந்தப் பட்டத்தின் மூலப் பொருள் அதுவல்ல. பழைய ஆங்கிலத்தில் 'எத்தல்' என்றால் உயர்ந்த. 'ரெட்' என்றால் ஆலோசனை. எத்தல்ரெட் என்ற பெயருக்கு நல்லாலோசனை என்று பொருள். அதைத் திருப்பி 'அன்ரெட்', அதாவது ஆலோசனை கெட்டவன் என்று பட்டம் வைத்தார்கள். அறிவழகன் என்று பெயர் வைத்த ஆளை அறிவுகெட்டவன் என்று சொல்வதுபோல ஒரு சொல் விளையாட்டு. அந்தப் பட்டம் எழுத்தில் கிடைப்பதும் அவர் இறந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

காலப்போக்கில் 'ரெட்' என்ற பழஞ்சொல் வழக்கொழிந்தது. புத்தகம் படிக்கும் 'ரீட்' அதன் குடும்பம்தான், ஆனால் ஆலோசனை என்ற பொருள் மக்களுக்கு மறந்துபோனது. 'அன்ரெட்' என்ற ஒலிக்குப் பக்கத்தில் இருந்த 'அன்ரெடி' அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. 'ரெடி' என்பது வேறு வேரிலிருந்து வந்த சொல். இடித்துச் சொல்ல நல்ல ஆளில்லாத ராஜா, இப்படியாக ஆயத்தமில்லாத ராஜாவாக மாறிவிட்டார். அவர் மேல் எனக்கு ஒரு இரக்கமே உண்டு. 37 வருடங்களுக்கு மேல் நாட்டை ஆண்டும், நினைவில் நிற்பது ஒலி மாறிய ஒரு பட்டம்.

கொஞ்சம் தயார், ஆனால் போதாது

ஏற்பாடே இல்லாத நிலைக்கும், ஏற்பாடு இருந்தும் போதாத நிலைக்கும் ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்கள் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா பக்கம் நிலம் அதிர்ந்து, தமிழ்நாட்டுக் கரையை அலை தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. ஆனால் நாகப்பட்டினத்துக் கரையில் நின்றவருக்கு அதைச் சொல்ல ஒரு வழியும் இல்லை. பசிபிக்கில் 1949-லிருந்தே சுனாமி எச்சரிக்கை மையம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு அப்படி ஒன்று இல்லவே இல்லை. இந்தியாவின் மையம் ஹைதராபாத்தில் 2007-இல்தான் வந்தது. இந்த நிலைக்கு 'அன்பிரிப்பேர்டு' சரியான சொல்.

டைட்டானிக் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 1912 ஏப்ரலில் அது மூழ்கியபோது அதில் 20 உயிர்காக்கும் படகுகள் இருந்தன. அன்றைய சட்டம் கேட்டதைவிட அது அதிகம். ஆனால் எல்லாப் படகும் நிரம்பினாலும் 1,178 பேருக்குத்தான் இடம். கப்பலில் இருந்தவர்கள் சுமார் 2,200 பேர். இருந்த இடத்தையும் நிரப்பாமலே பல படகுகள் இறங்கின. இங்கே 'அன்பிரிப்பேர்டு' சற்றுப் பொருந்தாது, ஏற்பாடு இருந்ததே. 'அண்டர்பிரிப்பேர்டு' என்றால் தேவைக்குக் குறைவான ஆயத்தம். 'இல்-பிரிப்பேர்டு' என்றால் ஆயத்தம் செய்த விதமே சரியில்லை. படகு போதாதது முதல் சொல்லுக்குப் பொருந்தும். இருந்த படகையும் ஒழுங்காக நிரப்பி இறக்க முடியாமல் போனது இரண்டாவதற்குப் பொருந்தும்.

பரீட்சைக்குப் பாதி பாடம் முடித்துவிட்டுப் போகும் பிள்ளை 'அண்டர்பிரிப்பேர்டு'. தவறான பாடத்தை முழுதாகப் படித்துவிட்டுப் போகும் பிள்ளை 'இல்-பிரிப்பேர்டு'. பரீட்சை இன்று என்பதே தெரியாமல் போய் உட்காரும் பிள்ளை 'அன்பிரிப்பேர்டு'. பேச்சில் இந்த மூன்றையும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாகச் சொல்பவர்கள் நிறைய உண்டு. அது பெரிய தவறில்லை. எழுதும்போது மட்டும் வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் வரி கூர்மையாகும்.

தம்பியோடு அன்று போனிலேயே உட்கார்ந்து அந்த மெயிலைத் திருத்தினோம். முதலில் ஒரு சின்ன மன்னிப்பு. பிறகு, 'ஐ ஹேவ் நாட் ஃபினிஷ்ட் பிரிப்பேரிங் ஃபார் டுமாரோஸ் பிரசென்டேஷன். குட் ஐ ஹேவ் ஒன் மோர் டே?' தயாரிப்பு இன்னும் முடியவில்லை, ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்குமா. இந்த வரியில் 'அன்பிரிப்பேர்டு' என்ற சொல் வேண்டியிருக்கவில்லை. என்ன நடந்ததோ அதை நேராகச் சொல்லும் வினைச்சொல் போதுமாக இருந்தது. அரை மணி நேரம் கழித்து அவனிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. மேனேஜர் ஒரே சொல்லில் பதில் அனுப்பியிருந்தார்: 'ஓகே'.